அந்த மெத்தையை நீங்கள் கொளுத்திய நாள்

அண்ணி,

இன்று விழுப்புரம் போகும் பேருந்து கூட்டேரிப்பட்டில் நின்றது. சாலையோரக் கடையில் ஒருவர் இலவம்பஞ்சைக் கொட்டி அடித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியே அந்த வாசம் வந்ததும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். பயம் இன்னும் போகவில்லை. உங்களிடம் பேச வேண்டும் போலிருந்தது.

தொண்ணூற்றெட்டில் திண்டிவனம் வீட்டில் நாம் நான்கு பேர். கணவரை இழந்து தம்பி வீட்டுக்கு வந்திருந்த நீங்கள், உங்கள் தம்பி, நான், எங்கள் நான்கு வயது மகள். அவள் உங்கள் மெத்தையைத் தவிர வேறெங்கும் படுக்கமாட்டாள். விடியும்போதெல்லாம் அவள் நெஞ்சு விசிலடிக்கும். விழுப்புரத்துக் குழந்தை டாக்டர்தான் கேட்டார்: “குழந்தை எதுல படுக்குது?”

சொன்னேன். பழைய மெத்தையில் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் பெருகும், அவற்றின் கழிவு மூச்சுக்குழாயை இறுக்கும் என்றார். மெத்தையை அகற்றி, விரிப்புகளை வாராவாரம் வெந்நீரில் துவைத்து, தரையை ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார்.

உங்கள் கணவர் கடைசியாகப் படுத்திருந்த மெத்தை அது. எப்படிச் சொல்வதென்று வழியெல்லாம் தவித்தேன்.

“நெதம் வெய்யில்ல போட்டுத் தட்டிக்கினுதான இருக்கேன். என் மெத்தையில பூச்சியா?” என்றீர்கள்.

“உங்களுக்குச் செத்தவரு மெத்தை பெருசு. எனக்கு எம்பொண்ணு உயிரு பெருசு” என்றேன்.

அவளை என் அறையில் படுக்கவைத்தேன். மூன்று நாள் நாம் முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

ஞாயிறு காலை கொல்லையில் மெத்தையைத் தட்டிக்கொண்டிருந்தீர்கள். அவள் உங்களிடம் ஓடியதை நான் கவனிக்கவில்லை. உங்கள் கூச்சல் கேட்டு வந்தபோது, புழுதிக்கு நடுவே அவள் வாயைத் திறந்து திறந்து மூடினாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

ஆட்டோவில் உங்கள் மடியில்தான் கிடந்தாள். “ஜல்தி போப்பா” என்று ஓட்டுநரைக் கெஞ்சிக்கொண்டே வந்தீர்கள். மருத்துவமனையில் முகமூடி வைத்து மருந்துப்புகை கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து அவள் “அத்தை” என்றாள். நீங்கள் அங்கே இல்லை.

வீடு திரும்பினால் கொல்லையில் புகை. “அவரு மூச்சு நின்னதப் பாத்தவ நானு. இன்னொரு வாட்டி பாக்க முடியாது” என்றீர்கள், நெருப்பைப் பார்த்தபடியே.

அன்றிலிருந்து பாயில் படுத்தீர்கள். வாராவாரம் விரிப்புகளுக்கு வெந்நீர் வைத்ததும் நீங்கள்தான். இழுப்பு அடியோடு விடவில்லை. ஆனால் ஆட்டோ தேடி ஓடும்படி மறுபடி வரவில்லை.

பதினாலு வருடம் கழித்து நீங்கள் படுக்கையில் விழுந்தபோது, உறை போட்ட புது மெத்தை வாங்கி வந்தோம். தொடக்கூட இல்லை. “வாணாம்மா. புள்ள வந்தா எம்பக்கத்துலதான படுக்கும்.” புள்ள அப்போது சென்னையில் கல்லூரி விடுதியில் இருந்தாள்.

சனிக்கிழமை வந்தாள். நேராக வந்து உங்கள் பாயில் படுத்துக்கொண்டாள். ‘செத்தவரு மெத்தை’ என்று அன்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். அவள் முதுகைத் தடவியபடியே தூங்கிவிட்டிருந்தீர்கள். நாளைக்குக் கேட்கலாம் என்று எழுந்து போனேன். அந்த நாளை வரவில்லை, அண்ணி. கேட்காத மன்னிப்பு இன்னும் என்னிடமேதான் இருக்கிறது.