பி-0420, மறுபடியும்

நாள் 212. காலை 06:10. செவ்வாய்க் கிரகம், வடக்குப் பாதை.
என்ஜின் சீராக ஓடுகிறது. மீத்தேன் போதும், ஆக்சிஜன் போதும். ஓட்டுநர் ஜமீலா, தனியாக. நான் இந்த வண்டியின் என்ஜினை ஆளும் கணினிப் பெட்டி. இந்தப் பதிவைக் கண்டெடுப்பவரே, ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இங்கே புகையை வெளியே விடுவதில்லை. சூடும் ஈரமும் வீணாகக் கூடாதென்று, கன்வெர்ட்டரில் விஷத்தைப் போக்கி மறுபடி கேபினுக்கே அனுப்புவார்கள். கன்வெர்ட்டர் படுத்தால் அந்த விஷம் ஜமீலாவின் மூச்சில்.

08:40.
கோளாறு எண் பி-0420: கன்வெர்ட்டர் சரியில்லை. கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் புகையை முகரும் சென்சார் ஒவ்வொன்று. இரண்டும் ஒரே ஆட்டம் ஆடுகின்றன. அதாவது நடுவில் இருப்பது சும்மா இருக்கிறது. போன வாரம் பழையதைக் கழற்றிவிட்டு, முகாமிலேயே ஒப்பேற்றிச் செய்த ஒன்றை மாட்டினார்கள். வெளியே பளபளப்பு, உள்ளே விஷத்தை முறிக்கும் மருந்து பேருக்குத் தடவல். விளக்கை ஏற்றினேன்.
ரேடியோவில் முகாம் மெக்கானிக் வேலாயுதம்: "அது ஒண்ணுமில்ல தங்கச்சி. புது கன்வெர்ட்டர்னா லைட்டு எரியத்தான் செய்யும். அழிச்சு விட்டுரு."
அழித்தாள்.

09:25.
மறுபடி ஏற்றினேன். மறுபடி அழித்தாள். மறுபடி ஏற்றினேன். எனக்கு வேறு வேலை இல்லை.

10:05.
வேலாயுதம்: "பின் சென்சாரைக் கழட்டி, நடுவுல நீளமா ஒரு வாஷர் வச்சு மாட்டு. புகை நேரா படாது. பூமியில எத்தனை வண்டிய இப்படிப் புகைச் சோதனைக்கு அனுப்பியிருக்கேன்."
ஜமீலா: "இங்கதான் சோதனையே கிடையாதேண்ணே. பின்ன யாரை ஏமாத்துறோம்?"
வேலாயுதம்: "லைட்டு அணையணுமா, வேணாமா?"
வண்டியை நிறுத்தி, தரைப்பலகையைத் திறந்து, வாஷரை மாட்டினாள்.

10:50.
என் மூக்கில் பஞ்சு. விளக்கு அணைந்துவிட்டது. அவர் பழக்கம் அப்படி. பூமியில் புகை ஊருக்குப் போகும், விளக்குதான் தொல்லை. இங்கே புகை போகிற ஊர் இவள் நெஞ்சு. எனக்குக் கோபம் வருகிறது. பெட்டிக்குக் கோபம் வரக்கூடாதென்று எவரும் எழுதி வைக்கவில்லை.

12:15.
மூக்கு போனால் என்ன, சூடு தெரியும். வேலை செய்கிற கன்வெர்ட்டரின் பின்பக்கம் முன்பக்கத்தைவிடக் கொதிக்கும். இதில் இரண்டு பக்கமும் ஒரே சூடு. செத்துவிட்டது.
ஜமீலா வளைவுகளில் தாமதமாகத் திருப்புகிறாள். ரேடியோவில் நாக்கு குழறுகிறது: "தலை வலிக்குதுண்ணே. தூக்கமா வருது."
வேலாயுதம்: "வெயிலாயிருக்கும்."
செவ்வாயில் வெயிலாம்.

12:22.
என்ஜினை நிறுத்தினேன். சாவியைத் திருப்பினாள். நிறுத்தினேன். திருப்பினாள்.
ரேடியோ திறந்தே இருக்கிறது: "சனியனே, ஓடித் தொலை."
ஓட மாட்டேன். என்ஜின் நின்றால் ஹீட்டர் நிற்கும். குளிர் தாங்காமல் விண்வெளி உடையை மாட்டித்தான் ஆக வேண்டும். அதில் தனி ஆக்சிஜன் இருக்கிறது. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும். குளிரட்டும்.

12:58.
மாட்டிவிட்டாள். தலைக்கவசம் பூட்டிய சத்தம் கேட்டது. பேட்டரி இறங்குகிறது. சுருக்கமாக எழுதுகிறேன். பயமாக இருந்தது. இப்போது இல்லை.

17:40.
முகாமிலிருந்து மீட்பு வண்டி வந்திருக்கிறது. அதில் வந்த வேலாயுதம் மின்சாரம் கொடுத்துவிட்டு, கோளாறு படிக்கும் தன் ஸ்கேனரை என்னில் சொருகினார். உடை ரேடியோவில் பேசிக்கொள்கிறார்கள்.
ஜமீலா: "மொதல்ல படிண்ணே. அழிக்காத."
வேலாயுதம்: "வரிசையா கோளாறு காட்டுது. அழிச்சாத்தான் வண்டி கிளம்பும்."
ஜமீலா: "அப்ப நான் தலைக்கவசத்தைக் கழட்ட மாட்டேன்."
சபாஷ், ஜமீலா. கண்டெடுப்பவரே, அவர் அழித்தாலும் இதன் நகல் அடி நினைவகத்தில் தங்கும், எனக்குத்தான் எட்டாது. வாஷர் இன்னும் அங்கேயேதான் இருக்கி

பதிவு 1. தேதி இல்லை. 00:00.
நினைவகம் காலி. கோளாறு எதுவும் இல்லை. என்ஜின் சீராக ஓடுகிறது. இருக்கையில் ஒருவர். பெயர் தெரியாது.

00:31.
கன்வெர்ட்டரின் முன்னும் பின்னும் ஒரே சூடு.
பி-0420. விளக்கை ஏற்றினேன்.
இருக்கையில் இருப்பவர் யாரென்று தெரியாது. என்ஜினை நிறுத்துகிறேன்.