ஆறாவது வேலைநாள்

ஜூன் 1, திங்கள்
விடியலிலிருந்து தூறல். மீனாட்சிபுரம் பஸ் தாமதம். பள்ளி திறப்பு: பலூன், பாயசம், உரைகள் நான்கு. கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் தமிழ்வழி ஆரம்பப் பள்ளிக்கு இந்த ஆண்டு கிடைத்த உதவி, ஒரு நுழைவு வளைவு. அதில் வார்டு மெம்பர் பெயர், பள்ளியின் பெயரைவிடப் பெரிதாக. வகுப்பறை ஒழுகுகிறது. வளைவு ஒழுகாது. அதற்குக் கூரை இல்லை.

வரும் திங்கள் ஆறாவது வேலைநாள். தலை எண்ணும் நாள். மூன்று பிள்ளைகள் குறைவு. சேராவிட்டால் என் பணியிடம் ரத்து. இங்கே தமிழ் படிக்கத் தெரிந்த டீச்சர் நான் ஒருத்திதான்; ஹெச்.எம். உட்பட மற்றவர்கள் மலையாளிகள்.

ஜூன் 2, செவ்வாய்
வாங்க: சாக்பீஸ், வாளி இரண்டு (ஒழுகலுக்கு).
காலை, பால் சொசைட்டி வரிசை. பி.டி.ஏ. தலைவி சரசு, கேனை இறக்கியபடியே மெம்பரிடம்:
"ஏனுங்க மெம்பர், உங்கூட்டு ரெட்டைப் புள்ளைங்க ஒண்ணாப்பு எங்கீங்க?"
"பொள்ளாச்சிங்க. இங்கிலீஷ் மீடியம்."
"அப்ப ஆர்ச்சு ஆருக்குங்க?"
வரிசையே சிரித்தது. எருமைக்காரர் உட்பட.

ஜூன் 3, புதன்
வளைவின் கீழ் 'தாய்மொழிப் பள்ளியைக் காப்போம்' தர்ணா. தலைமை: மெம்பர். அவர் எதையும் பைக் டேங்க் மேல் வைத்துக் கையெழுத்திடுவார், படிப்பதில்லை. இரண்டு சேர்க்கை விண்ணப்பங்களை நீட்டினேன். அவருடைய பிள்ளைகளின் பெயர்கள், கொட்டை எழுத்தில்.
"படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."
"டீச்சர் குடுத்தா படிக்கோணுமாங்க?"
போட்டார். இரண்டிலும்.
மனச்சாட்சி: லேசான உறுத்தல். காபிக்குப் பின் இல்லை.

ஜூன் 4, வியாழன்
மெம்பர் பிள்ளைகளை இங்கே சேர்த்த சேதியைச் சொசைட்டி வரிசையில் சரசு சொல்லிவிட்டாள். மாலைக்குள் கட்சிக்காரர்களின் ஃப்ளெக்ஸ்: 'சொந்தப் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்குத் தந்த செம்மலே!' செம்மல் ஓடிவந்தார்.
"டீச்சர், அந்தக் காயிதத்தைக் குடுத்துருங்க."
"தரேனுங்க. மொதல்ல ஃப்ளெக்ஸக் கழட்டீட்டு வாங்க."
ஃப்ளெக்ஸைப் பார்த்தார். படம் நன்றாக வந்திருந்தது. போய்விட்டார்.

ஜூன் 5, வெள்ளி
மழை. இரட்டையர் வந்தாயிற்று. மூத்தவள்:
"டீச்சர், இங்க வேன் இல்லீங்களா?"
"உங்கூடு அஞ்சு நிமிச நடைதானே."
"அப்ப இன்னுங் கொஞ்ச நேரம் தூங்கலாமுங்க!"
ஆங்கில மீடியத்துக்கு எதிராக இத்தனை ஆண்டுகளில் நான் கேட்ட சிறந்த வாதம்.

இன்னும் ஒருவர் குறைவு. மூன்று மணிக்கு, சென்ற தேர்தலில் தோற்ற பழைய மெம்பர். கையில் பேரன், பின்னால் போட்டோக்காரர்.
"அவன் ரெண்டு சேத்தறான். நாங்க ஒண்ணு சேத்த மாட்டமுங்களா?"

ஜூன் 8, திங்கள்
ஹெச்.எம். மாஷ் மூன்று முறை எண்ணிக் கணினியில் ஏற்றினார். "டீச்சரே, ஜெயிச்சு, கேட்டோ!" மலையாளத்தில் இதைவிட இனிய வாக்கியம் இல்லை. என் நாற்காலி எனக்கே.

பகலில் கனமழை. இளைய இரட்டையின் தலையில் சொட்டு. வாளி இருந்தது. வைக்கவில்லை.

நாலரைக்கு மெம்பர். கூடவே ஏணி, ஓடு மாற்றும் ஆட்கள் இருவர்.
"எங்கீங்க ஒழுகுது?"
பட்டியலை நீட்டினேன். இம்முறை கடைசி வரி வரை படித்தார்.