மூன்றாவது மேடு

மார்ச் 4
ஆஸ்பத்திரியில் இசிஜி எடுக்கும் வேலைக்குச் சேர்ந்து இருபது நாள். இசிஜி தாளை இப்போது தயங்காமல் படிக்கிறேன். முதலில் சின்ன மேடு: இதயத்தின் மேலறைகள் சுருங்குகின்றன. அடுத்து ஊசி: கீழறைகள். மூன்றாவது, சாய்வான மேடு: அடுத்த துடிப்புக்கு இதயம் தயாராகிறது. ஊசிக்கும் ஊசிக்கும் நடுவே நாலு பெரிய கட்டம் இருந்தால், முந்நூறை நாலால் வகுத்து, நிமிடத்துக்கு எழுபத்தைந்து துடிப்பு.

மார்ச் 9
ஒரு பெரியவருக்கு இரண்டு கை ஒயரையும் மாற்றி மாட்டிவிட்டேன். முதல் வரி தலைகீழாக வந்தது. "மனுசன படுக்க வெச்சே தலைகீழா நிக்க வெச்சுட்டியே!" என்றார் நர்ஸ் அக்கா. பாவம், அந்தப் பெரியவரும் சிரித்தார்.

மார்ச் 17
அப்பா வந்தார். பஸ் டிப்போ வேலையில் டயர் கழற்றும்போது நெஞ்சு எரிந்ததாம். சட்டையைக் கழற்றச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது. தாளைப் பார்த்துவிட்டு, "கோழி கிளறுன மாதிரி இருக்கு. இதுக்கா உன்னக் காலேஜுக்கு அனுப்புனேன்?" என்றார்.

ஊசி சரி. எண்ணிக்கை சரி. ஆனால் நெஞ்சில் ஒட்டிய ஒயர்கள் தரும் வரிகளில் மூன்றாவது மேடு பருத்து, ஊசி அளவுக்கு நின்றது. மாரடைப்பின் ஆரம்பத்தில் முதலில் உயர்வது அதுதான், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும் என்று படித்திருக்கிறேன்.

டூட்டி டாக்டர் ஒரு பார்வை பார்த்தார். "நார்மல். கேஸ் மாத்திரை போதும்."

வாசலிலேயே நின்றேன்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல டாக்டர்."

என் அப்பா என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. டாக்டர் மூணு பட்டம் வாங்கியவர், தெரியாமலா சொல்வார்?

"நல்லா இருக்காம்மா?" என்று அப்பா கேட்டார்.

"இருக்குப்பா."

மார்ச் 18
காலை பத்தரை மணி. டிப்போவில். அப்பா போய்விட்டார்.

மார்ச் 30
துக்கம் கேட்க வந்தவர்களிடம் அம்மா சொல்கிறாள்: "எம்பொண்ணே பார்த்துட்டா, இனி என்ன கவலைன்னாரு. அன்னைக்கு வயிறாரச் சாப்பிட்டாரு."

எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொல்கிறாள். உள்ளே போய், கழுவி வைத்த பாத்திரங்களையே மறுபடி கழுவினேன். அவளிடம் எப்படிச் சொல்வேன்? ஒரே ஒரு வாக்கியம்! அதைக்கூட அன்னைக்கு நான் பேசலியே.

ஏப்ரல் 21
வேலைக்குத் திரும்பினேன். பதினாறு பேருக்கு இசிஜி எடுத்தேன்.

மே 6
நெஞ்செரிச்சல் என்று ஒருவர், மகளோடு. நெஞ்சு வரிகளில் அதே பருத்த மேடு. அதே டாக்டர்.

"நார்மல்."

"மூணாவது மேடு உயரமா இருக்கு டாக்டர். பதினஞ்சு நிமிஷம் கழிச்சு இன்னொண்ணு எடுக்கணும்."

"இங்க யாரு டாக்டர்? நீயா, நானா?"

"நீங்கதான். ஆனா எடுக்கணும்."

வாசலை விட்டு நகரவில்லை.

"எடுத்துத் தொலை."

இரண்டாவது தாளில், ஊசிக்குப் பின் கோடு கீழே இறங்கவே இல்லை: மாரடைப்பேதான். ஐந்தே நிமிடத்தில் அவரை இதயப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

மாலையில் டாக்டர் என் அறைக்கு வந்தார். "பிழைச்சுக்கிட்டார். எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"முன்னாடி ஒண்ணு இதே மாதிரி பார்த்திருக்கேன் டாக்டர்."

யாருடையது என்று அவர் கேட்கவில்லை.