ஏரி மண்ணுக்கு இரண்டு கணக்கு

அன்புள்ள மகளுக்கு,

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் நலமாயிருக்கக் கடவுள் துணை நிற்கட்டும். போன வாரம் நிலம் அதிர்ந்தபோது நான் பயந்து மயங்கி விழுந்ததாக உன் அண்ணன் உனக்குச் சொன்னது தவறு. நான் விழவில்லை, உட்கார்ந்தேன். அப்போது அவனோடுதான் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். மேட்டில் இருக்கும் அவன் வீட்டில் ஒரே ஒரு உலுக்கல், "நின்னுடுச்சும்மா, போய் வேலையப் பாருங்க" என்றான். "இங்க இன்னும் நிக்கலடா" என்றேன். எனக்குத் தலை சுற்றுகிறதாம். அவன் சொன்னது சரிதானா என்று பார்க்கத்தான் தரையில் உட்கார்ந்து உள்ளங்கையை வைத்தேன். தரை படகுபோல அசைந்துகொண்டிருந்தது, சமையலறை விளக்கும் ஆடியது.

ஏரியைத் தூர்த்துப் போட்ட நம் தெருவுக்கு, கணினியில் நிலநடுக்கத்தை உண்டாக்கிப் பார்த்து நீ கண்ட அதிர்வு, பழைய நிலநடுக்கப் பதிவுகளிலிருந்து செய்த சூத்திரம் சொல்வதைப்போல் இரண்டு மடங்கு என்றாய். சூத்திரத்தோடு ஒத்துப்போகும்வரை மண்ணின் குணத்தை மாற்றிப் போடு என்கிறாராமே உன் மேலதிகாரி. எங்கள் கான்வென்ட்டில் விடையைப் பார்த்துக்கொண்டு வழியைத் திருத்துகிறவளைக் கணக்கு சிஸ்டர் முட்டி போட வைப்பார். அந்தப் பழைய பதிவுகளில் எத்தனை ஏரி மண்ணில் எடுத்தவை என்று அவரைக் கேட்டாயா? தெருமுனை மருத்துவமனையின் புதுக் கட்டடத்தை உங்கள் எண்ணை நம்பித்தான் எழுப்பப் போகிறார்கள். 

இன்னொன்றும் உறுத்துகிறது. "அம்மா இருக்கிற தெருன்னு பயந்து கூட்டிப் போட்டிருக்கா" என்கிறான் உன் அண்ணன். என் மகள் அப்படிச் செய்யமாட்டாள் என்று அவன் வாயை அடைத்துவிட்டேன். அடைத்த பிறகு எனக்கே ஒரு சந்தேகம். அப்படி எனக்காக ஏதாவது கூட்டியிருந்தால் எடுத்துவிடு, நான் கோபிக்கமாட்டேன். உன் மேலதிகாரிக்காகக் குறைத்தால் கோபிப்பேன்.

நம் தெருப் பள்ளிக்கூடக் கிடங்கில் நீங்கள் வைத்துப்போன அதிர்வு அளக்கும் கருவியை நேரில் போய்ப் பார்த்தேன். பேட்டரி தீர்ந்து செத்துக் கிடக்கிறது, அன்றைய அதிர்வு அதில் இல்லை. என் உள்ளங்கையை யாரும் சாட்சியாக ஏற்கமாட்டார்கள், ஏற்கவும் கூடாது. ஆகவே முதலில் பேட்டரி மாற்ற ஆள் அனுப்பு. அடுத்த அதிர்வு வரட்டும், இரண்டு கணக்கையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார். அதுவரை மருத்துவமனைக்கான அறிக்கையில் கையெழுத்துப் போடாதே.

வேளைக்குச் சாப்பிடு, கண்ணாடியை மாற்று. உன் அப்பாவின் ஆசியும் என் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. தொலைபேசியில் நீ பேச்சை மாற்றிவிடுவாய். கையெழுத்துப் போட்டுவிட்டாயா, போட்டிருந்தால் எந்த எண்ணுக்கு என்று எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா