எந்தக் கொடி

6 பெப்ரவரி, வியாழன்

இன்றைய கருத்தரங்கின் தலைப்பு: ஒற்றை வல்லரசின் காலம் முடிந்தபின். எங்கள் ஆய்வு நிறுவனத்தில் குறிப்பெடுப்பது என் வேலை. யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார் என்று மதியம் வரை பேசினார்கள். ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. பிஸ்கட் நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மச்சாள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். ஸ்ட்ரெதமில் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. அந்த விசாவில் வருகிறவர்கள் கணவனைக் கூட்டிவர முடியாது என்று அவர் வருவதற்குச் சற்று முன்புதான் சட்டம் மாறியது. அதனால் அவர் கணவர், என் அண்ணை, கப்பலுக்குப் போனார். "அவ கரையில உழைக்கட்டும், நான் தண்ணியில உழைக்கிறன். எங்கயாவது ஒரு துறைமுகத்தில சந்திப்பம்." எண்ணெய்க் கப்பல். இயந்திர அறை.

மேலாளர் இன்றும் கேட்டாராம், கழுத்தில் என்ன என்று. மச்சாள் தாலிக்கொடியைச் சீருடைக்குள் விட்டு, ஒரு ஊசியால் உள்பக்கமாகக் குத்தி வைப்பார். கலியாண மோதிரம் தவிர வேறு நகை கூடாது என்பது விதி.

"இது நகை இல்லையெண்டு சொன்னன். அப்ப என்னெண்டு கேட்டா. இங்கிலீஷில என்னெண்டு சொல்லுறது, தக்ஷி?"

சர்வதேச உறவுகளில் முதுகலை படித்திருக்கிறேன். எனக்கும் தெரியவில்லை.

11 பெப்ரவரி

அண்ணையின் குரல்பதிவு. கப்பல் ஏதோ ஒரு கரைக்கு எட்டத்தில் நங்கூரம் போட்டு நிற்கிறது. எண்ணெய் ஒரு பெரிய நாட்டினுடையது, வாங்குவது இன்னொரு பெரிய நாடு. விற்கக் கூடாது என்று சொல்வது மூன்றாவது பெரிய நாடு. கப்பலின் பெயரை மறுபடியும் மாற்றச் சொல்லி உத்தரவாம்.

"கயித்தில தொங்கிக்கொண்டு பெயின்ற் அடிக்கிறம், தக்ஷி. இது நாலாவது பேர். எனக்கு அம்மா ஒரு பேர்தான் வைச்சவ."

20 பெப்ரவரி, வியாழன்

அலுவலகத்தில் திரையில் செய்தி ஓடியது. பிரித்தானியா இன்னும் பல கப்பல்கள்மீது தடை விதித்திருக்கிறது. இயக்குநர் மகிழ்ச்சியில் எழுந்து நின்றார். எங்கள் நிறுவனம் நெடுநாளாகக் கேட்டு வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும்.

பிறகு பெயர்களை வாசித்தேன். அதில் அண்ணையின் கப்பலின் மூன்றாவது பெயர். பழைய பெயர், அதே கப்பல்.

நான் தட்டிய கை.

21 பெப்ரவரி

கிரணோடு மதிய உணவு. என்னோடு படித்தவன், சென்னைக்காரன், சிட்டியில் கப்பல் காப்புறுதி நிறுவனத்தில் வேலை. சாண்ட்விச்சைப் பிரிக்காமலே பேசினான்.

"இன்ஷூரன்ஸ் கேன்சல் ஆகும். இன்ஷூரன்ஸ் இல்லாத கப்பலை எந்த போர்ட்டும் உள்ள விடாது. ஆனா அதைவிட முக்கியம் கொடி. நடுக்கடல்ல கப்பல் எந்த நாட்டுக் கொடியில இருக்கோ அந்த நாட்டுச் சட்டம்தான் அங்க. சம்பளம் வரலைன்னா, அடிபட்டா, செத்தா, எல்லாத்துக்கும் அந்த நாடுதான் பொறுப்பு."

"அந்த நாடு கை விட்டால்?"

"அப்ப கப்பல் இருக்கும். அதுல இருக்கறவங்கதான் எங்கயும் இல்லாம போயிடுவாங்க." பிறகு, "சாரி, தக்ஷிகா. நான் ஆபீஸ்ல பேசற மாதிரியே பேசிட்டேன்" என்றான்.

15 மார்ச், சனி

இன்று நடந்ததை எழுத வேண்டும். சிரிப்பாகவும் இருக்கிறது, இல்லை, சிரிப்பாக இல்லை.

காலையில் கிரணின் செய்தி. கொடி கொடுத்த நாடு கப்பலைத் தன் பதிவிலிருந்து நீக்கிவிட்டது. அது ஒரு சிறிய நாடு. பெரிய நாடுகள் அதட்டியிருக்கும். அண்ணையின் கப்பலுக்கு இனி ஒரு கொடியும் இல்லை.

மச்சாள் வேலையில். போனில் கூப்பிட்டேன். சுரங்க ரயில் நிலையத்தின் படிக்கட்டில் நின்றபடி, அவசரத்தில், "மச்சாள், கொடி போயிட்டுதாம்... அண்ணையின்ர—" என்றேன். தொடர்பு அறுந்தது.

அவ்வளவுதான் அவர் கேட்டது. கொடி போயிட்டுது. அண்ணையின்ர.

அப்போது ஒரு கிழவருக்கு சூப் பருக்கிக்கொண்டிருந்தாராம். கிண்ணம் விழுந்தது. நிலத்தில் இருந்துவிட்டார். கழுத்தைப் பிடித்த கையை எடுக்கவில்லையாம். நான் போய்ச் சேர்ந்தபோது மேலாளர் பக்கத்தில் முழந்தாளிட்டு இருந்தார், தண்ணீரோடு. கொடி சீருடைக்கு வெளியே கிடந்தது. அதைக் கண்டும் மேலாளர் தண்ணீரைத்தான் நீட்டினார்.

"கப்பலின்ர கொடி, மச்சாள். கப்பலின்ர! அண்ணை நல்லா இருக்கிறார்."

மச்சாள் கழுத்திலிருந்து கையை எடுத்தார். "விசரியே நீர்? உமக்கு வேற சொல்லுக் கிடைக்கேல்லையோ? இவ்வளவு படிச்சனீர்!"

பிறகு சிரித்தார். நானும். பஸ்ஸில் வரும்போது ரூட்டிங் தாண்டும்வரை அழுதார்.

வேறு சொல் இல்லைத்தான். கம்பத்தில் இருப்பதும் கழுத்தில் இருப்பதும் தாயோடு பிள்ளையைக் கட்டுவதும் எங்களுக்கு ஒரே சொல்.

28 மார்ச்

நீராவிக் குழாய் வெடித்து அண்ணையின் கால் வெந்துவிட்டது. ஒரு வாரமாக எங்களுக்குச் சொல்லவில்லை. "சின்னக் காயம்." படம் அனுப்பச் சொன்னேன். முழங்காலில் இருந்து கீழே.

கப்பலில் மருந்துப் பெட்டி வெறும் பெட்டி. கப்பல் தலைவர் பக்கத்துத் துறைமுகத்தைக் கேட்டிருக்கிறார். தடை இருப்பதால் ஏலாது. அடுத்ததைக் கேட்டிருக்கிறார். எந்தக் கொடி என்று கேட்டார்களாம்.

4 ஏப்ரல்

எழுதாத இடம் இல்லை. வெளியுறவு அலுவலகம், தூதரகங்கள், மாலுமிகள் சங்கம், கடலுக்கு விதி எழுதும் இடம். அந்த இடம் எங்கள் அலுவலகத்திலிருந்து ஆற்றைக் கடந்தால் நடந்து போகும் தூரம். வாசலில் ஒரு வெண்கலக் கப்பல் முகப்பு, அதில் ஒரு வெண்கல மாலுமி தூரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

எல்லோரும் மரியாதையாகப் பதில் எழுதுகிறார்கள். வருந்துகிறார்கள். கொடிநாட்டைத் தொடர்புகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறார்கள்.

சங்கம் மட்டும் ஒரு படகில் அரிசியும் தண்ணீரும் கொஞ்ச மருந்தும் அனுப்பியது. ஆளை இறக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை.

14 ஏப்ரல், திங்கள்

புதுவருஷம். மச்சாள் விடுமுறை கேட்டு எடுத்திருந்தார். சர்க்கரைப் பொங்கல் கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது.

வீடியோவில் அண்ணை. தாடி. கண் உள்ளே போயிருக்கிறது. காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது என்றார். கால் எப்படி என்று மச்சாள் கேட்க, கமராவை வானத்துக்குத் திருப்பிக் காட்டினார்.

"இஞ்சேருங்கோ, விளையாடாதேங்கோ. காலைக் காட்டுங்கோ."

"காலை ஏன் பார்க்கிறீர், பிறேமி? நீர் என்ன பொங்கினனீர், அதைக் காட்டும்."

பிறகு அவரே கேட்டார். "கொடி எங்க? கழட்டி வைச்சிட்டீரோ?"

மச்சாள் சட்டைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். அண்ணை பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் யாரோ கூப்பிட்டார்கள், திரும்பவில்லை.

"சரி. கப்பலுக்கு இல்லாட்டிலும் எனக்கு ஒரு கொடி இருக்கு" என்றார்.

24 ஏப்ரல், வியாழன்

கருத்தரங்கு. உலக நிறுவனங்களைச் சீர்திருத்துவது பற்றி. குறிப்பெடுப்பவர் கேள்வி கேட்கும் வழக்கம் இல்லை. நான் கையை உயர்த்தினேன்.

கொடி இல்லாத கப்பலில் ஒருவர் நோயுற்றால் அவர் யாருடைய பொறுப்பு?

நல்ல கேள்வி என்றார் இயக்குநர். வெளியிலிருந்து வந்திருந்த ஒருவர் விளக்கினார், அன்பாகத்தான். பழைய ஒழுங்கு தளர்கிறது, புதியது இன்னும் உருவாகவில்லை. இப்படியானவை இடைக்காலத்தின் அறிகுறிகள்.

குறிப்பில் எழுதினேன்: அறிகுறி.

அண்ணைக்கு இருக்கும் அறிகுறிகள்: நடுக்கம். மூச்சு வேகம். பேச்சு குழறுகிறது. நேற்று என்னை அம்மா என்று கூப்பிட்டார்.

29 ஏப்ரல்

இன்று குரல் வரவில்லை.

2 மே, வெள்ளி

வந்தது. கப்பல் தலைவரின் குரல்.

57ஆம் இலக்க பஸ்ஸில் ஸ்ட்ரெதம் முதியோர் இல்லத்துக்குப் போனேன். பஸ் முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒருவன் தொப்பியை இன்னொருவன் எறிந்துகொண்டு. எப்படிச் சொல்வது. எந்தச் சொல்லால் சொல்வது. ஒரு சொல்லை ஏற்கெனவே பாழாக்கிவிட்டேன்.

சொல்லத் தேவை இருக்கவில்லை. மச்சாள் வாசலில் வைத்தே என்னைக் கண்டார். கை கழுத்துக்குப் போனது.

"கப்பலின்ர எண்டு சொல்லும்" என்றார். "தக்ஷி, கப்பலின்ர எண்டு சொல்லும்."

9 மே

சனம் வந்து போகிறது. தவமலர் மாமி குட்மேய்ஸிலிருந்து இரண்டு ரயில் மாறி, சாப்பாட்டோடு வந்தார். வாசலில் நின்று மெதுவாக என்னைக் கேட்டார்: "பிள்ளை, இது செத்த வீடோ? நான் எப்பிடி உள்ளுக்கு வாறது?"

சாப்பாட்டுப் பையை வாங்கி, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன்.

உடல் கப்பலில், சாப்பாட்டுச் சாமான் வைக்கும் குளிர் அறையில். சாப்பாடு முடிந்துவிட்டதால் இடம் இருக்கிறதாம். கரைக்கு இறக்க மரணச் சான்றிதழ் வேண்டும். கிரண் சொன்னான், மெதுவாக, நிலத்தைப் பார்த்துக்கொண்டு: "கடல்ல இறந்தா கொடிநாடுதான் சர்ட்டிபிகேட் குடுக்கணும்."

இறப்பதற்கும் ஒரு நாடு வேண்டும்.

முதியோர் இல்லத்தில் துக்க விடுப்புக்கும் அதே தாளைத்தான் கேட்கிறார்கள். மேலாளர் தன்னால் ஆனதைச் செய்கிறார், தலைமை அலுவலகத்துக்கு ஆதாரம் வேண்டும்.

பெண்களுக்குள் இன்னொரு பேச்சு. கொடியை எப்போது கழற்றுவது?

"உடம்பு வந்து, அதின்ர நெஞ்சில வைச்செல்லோ கழட்டுறது" என்றார் தவமலர் மாமி. "வராமல் எப்பிடி? அதுமட்டும் இருக்கட்டும். நான் சொன்னனெண்டு சொல்லுங்கோ."

மச்சாள் அறைக்குள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

19 மே, திங்கள்

கிரண் போனில் கூப்பிட்டான். ஒரு பேரம் முடிந்திருக்கிறது. யாருக்கும் யாருக்கும் இடையில் என்று அவனுக்கே தெளிவில்லை. வேறொரு கப்பல் வந்து அண்ணையின் கப்பலோடு அணைத்துக் கட்டி, எண்ணெய் முழுவதையும் குழாயால் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அதற்குக் கொடி உண்டு. காப்புறுதி உண்டு. துறைமுகம் திறந்திருக்கிறது.

உடலையும் ஏற்றச் சொல்லிக் கேட்டார்களாம். அனுமதி எண்ணெய்க்கு மட்டும்.

எண்ணெய் கரை சேரும்.

23 மே

டீசல் முடிகிறது. குளிர் அறையை நிறுத்த வேண்டும் என்கிறார் கப்பல் தலைவர். உடலைக் கடலில் இறக்க மச்சாளின் சம்மதம் கேட்டார். ஒலிபெருக்கியில் போட்டேன். அவருடைய ஆங்கிலத்தை நான் தமிழில் சொல்ல, மச்சாளின் தமிழை ஆங்கிலத்தில் சொல்ல. நடுவில் நான். ஒரு சொல்லும் தவறக் கூடாது.

"ஓமெண்டு சொல்லும்."

சொன்னேன்.

25 மே, ஞாயிறு

கடலில் இறக்கிவிட்டார்கள். கப்பல் தலைவர் நல்ல மனிதன். எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். எல்லோரும் குளித்து மேல்தட்டில் நின்றார்கள். இந்துப் பையன் ஒருவன் தேவாரம் தெரியாததால் தெரிந்ததைச் சொன்னான். வழக்கப்படி கப்பலின் கொடியால் மூட வேண்டும். கொடி இருக்கவில்லை. அண்ணையின் கட்டில் விரிப்பால் மூடினார்கள். நீலம், வெள்ளைக் கோடு.

மச்சாள் இரண்டாம் முறை கேட்டார். "என்ன நிறமாம்?"

"நீலம். வெள்ளைக் கோடு."

"நான் வாங்கிக் குடுத்துவிட்டது."

5 யூன்

அறிக்கை அச்சாகிவிட்டது. இடைக்காலத்தின் அறிகுறிகள் என்பது இரண்டாம் அத்தியாயத்தின் தலைப்பு. என் குறிப்பிலிருந்து எடுத்ததாம். இயக்குநர் நன்றி சொன்னார். நன்றியுரையில் என் பெயர் பிழையாக இருக்கிறது. திருத்தச் சொல்லவில்லை.

14 யூன், சனி

தாள் வராது என்று தூதரகம் சொல்லிவிட்டது. இப்போதைக்கு. கப்பல் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டது, ஐந்தாவது பெயரோடு.

மச்சாள் இன்று ஷிப்டுக்குப் போனார். சீருடையைத் தானே தேய்த்தார். தேநீர் குடித்தார். கண்ணாடிக்கு முன்னால் நிறைய நேரம் நின்றார். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

பிறகு கூப்பிட்டார்.

"தக்ஷி, கொடி குத்துற அந்த ஊசியைக் கண்டனீரோ?"

கட்டிலுக்குக் கீழே கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன்.