பிரியாதவர்கள் பிரிக்கும் கொடை

துலுத் நகரத்துக்குப் போனதிலிருந்து போனே எடுக்காத அப்பாவுக்கு,

போன வருடம் அம்மா தன் ஏரிக் குடிலை எனக்கு எழுதிவைத்தாள் அல்லவா? அதில் பாதியை நீங்கள் கொடுத்ததாகக் காட்டினால் வரியில் லாபமாம். கொடைவரிப் படிவத்தில் உங்கள் கையெழுத்து வேண்டும்.

"புருஷன் பொண்டாட்டியா இருந்தப்போ குடுத்தாத்தான் கொடையைப் பிரிக்கலாம்" என்றார் கணக்காளர் ஹெல்கா.

"பிரிக்கணும்னா பிரியாம இருக்கணுமா? சட்டம் எழுதினவரு என்னைவிடக் குறும்பு!" என்றேன்.

அம்மா சிரித்துவிட்டாள். நீங்கள் போன அக்டோபருக்குப் பிறகு முதல் சிரிப்பு. பிறகு ஜன்னலைப் பார்த்து, "நாங்க இன்னும் பிரியலையே" என்றாள், யாரும் கேட்காமலே.

படிவத்தை உங்களுக்குத் தபாலில் போடச் சொல்லி என்னிடம் தந்தாள். உறையைக் குலுக்கிப் பார்க்காதீர்கள், உள்ளே இல்லை. அது குடிலில், உங்கள் தூண்டில் பெட்டிக்குள் இருக்கிறது. ஏப்ரல் பதினைந்துதான் கடைசி நாள். நேரில் வந்துதான் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டமல்ல, என் திருத்தம்.

ஏரியில் ஐஸும் உருகத் தொடங்கிவிட்டது. குளிர்காலத்துக்குக் கரையேற்றி வைத்த மரப் படகுத்துறையை மறுபடி ஏரியில் இறக்க எப்போதும் மூன்று பேர் வேண்டும், அப்பா. இங்கே இரண்டு பேர்தான் இருக்கிறோம்.

இப்படிக்கு,
சரிபாதி உங்களுடைய மகள்