துத்தி விரியும் நேரம்

ஜூன் 3

என் மருந்து ஊசிக்கு,

உன் கடிதம் வந்தது. கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, பேண்ட் அளவு கொடுக்க வந்தவர் நிற்க நிற்கவே படித்தேன். நான் நலம். அம்மாவின் முழங்காலும் பரவாயில்லை. பூனை மட்டும் உன் தலையணையில் படுத்துக்கொண்டு என்னை முறைக்கிறது.

மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய், சந்தோஷம். ஆனால் அதில் எனக்கென்று இருந்தது மேலே என் பெயரும் கீழே உன் கையெழுத்தும்தான். மிச்சமெல்லாம் கம்பவுண்டர். கம்பவுண்டர் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் புல்வெளியைக் காட்டினார். கம்பவுண்டர் குழந்தைகளின் சளிக்குத் தும்பைப் பூவைப் பாலில் காய்ச்சிக் கொடுக்கச் சொன்னார். கம்பவுண்டரின் சட்டையில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. சட்டைக் கை வரைக்கும் கவனித்திருக்கிறாய்! போன மாதம் நான் புதுச் சட்டை தைத்துப் போட்டுப் படம் எடுத்து அனுப்பினேனே, அதைப் பற்றி ஒரு வரி உண்டா?

மருந்துக் குப்பி உடைந்து உன் விரலை வெட்டியது, அவர் ஓடிப்போய் வெட்டுக்காயப் பூண்டைப் பறித்து வந்து கசக்கிச் சாறு விட்டது, ரத்தம் நின்றது எல்லாம் படித்தேன். ஒரே ஒரு கேள்வி. சாறு விடும்போது விரலைப் பிடித்திருந்தது யார்?

கடைசிப் பக்கத்து மூலையில் ஒரு வரி போட்டிருக்கிறாய். பெரிய டாக்டர் உன்னை அங்கேயே நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று. நான் நினைக்க என்ன இருக்கிறது? உன் வேலை. உன் இஷ்டம். போனில் பேசலாமென்றால் அங்கே இருப்பது ஒரே போன், அதுவும் பெரிய டாக்டர் மேசையில். அவர் காதும் அங்கேயேதான் இருக்கிறது.

உன்,
துணி ஊசி


ஜூன் 9

என் துணி ஊசிக்கு,

விரலைப் பிடித்திருந்தது நான்தான். என் இடது கை விரலை என் வலது கை பிடித்திருந்தது. போதுமா? வேண்டுமானால் ஆஸ்பத்திரி ஆயாவைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன்.

இங்கே மழை. மருந்து வண்டி பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அலமாரியில் இருந்ததை வைத்து ஒப்பேற்றுகிறோம். பெரிய டாக்டர் முகத்தைச் சுளித்தாலும், சின்னச் சின்ன உபாதைகளுக்குப் புல்வெளிதான் கை கொடுக்கிறது. முழங்கால் உயரப் புல், நடுவில் வெள்ளை வெள்ளையாகத் தும்பை, தரையோடு தரையாக மஞ்சள் நெருஞ்சி. நீர்க்கடுப்புக்கு நெருஞ்சியைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள். இத்தனை வருஷம் நான் அதைக் காலில் குத்தும் முள் என்றுதான் நினைத்திருந்தேன். கம்பவுண்டர் (மன்னிக்கவும், எழுதித்தான் ஆக வேண்டும்) என்னை ஒரு நாள் நிறுத்தி, "சிஸ்டர், இப்படிக் கொத்தா இழுக்காதீங்க. நகத்தால நுனியில கிள்ளுங்க, செடி மறுபடி பூக்கும்"னு சொன்னார். அன்றிலிருந்து கிள்ளித்தான் பறிக்கிறேன்.

புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டால் உங்களிடம்தானே சொல்வேன்? வேறு யாரிடம் சொல்வேன்? நீங்கள் மல்லிகைக்கும் முல்லைக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன் என்றாலும் கேட்பீர்கள் என்று நினைத்தேன்.

"உன் இஷ்டம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம் தலைக்கேறியது. வா என்றாவது சொல்லுங்கள், இரு என்றாவது சொல்லுங்கள். வாடிக்கையாளரிடம் "காலர் வைக்கவா, வேண்டாமா?" என்று கேட்கிற மாதிரி எழுதாதீர்கள்.

அந்தச் சட்டைப் படம் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள்தான் இளைத்திருக்கிறீர்கள்.

உங்கள்,
மருந்து ஊசி


ஜூன் 14

என் மருந்து ஊசிக்கு,

மல்லிகை, முல்லை எல்லாம் போகட்டும். நம் கடைக்குப் பின்னால் இருக்கும் காலி மனை ஞாபகம் இருக்கிறதா? மழைக்குப் பிறகு அங்கே உன் புல்வெளியைத் தோற்கடிக்கும் அளவுக்குப் பூத்திருக்கிறது. தினமும் விடியற்காலையில், கடை திறக்கும் முன், ஒரு சுற்று நடக்கிறேன். இதோ மூன்று பூ. அகராதிக்குள் வைத்து அழுத்திக் காயவைத்து, நூலில் கட்டி அனுப்பியிருக்கிறேன்.

வெள்ளையாகச் சின்னதாக இருப்பது தும்பை. தலைபாரத்துக்கு இதன் சாறு. நடுவில் மஞ்சளும் சுற்றி வெள்ளையுமாக இருப்பது உன் விரல் புகழ் வெட்டுக்காயப் பூண்டு. கம்பவுண்டர் ஒன்றும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் மனையில் குப்பைத் தொட்டியைச் சுற்றியே கிடக்கிறது. பெரிய மஞ்சள் பூ துத்தி. இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டினால் மூலம் அடங்கும். உன் கம்பவுண்டர் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்தானே, அவருக்குத் தேவைப்படலாம். நான் சொன்னதாகவே சொல்.

எல்லாம் விடியற்காலையில் என் கையால் பறித்தது. இன்னும் சேர்த்து அனுப்புகிறேன்.

உன்,
துணி ஊசி


ஜூன் 19

தையல்காரர் அவர்களுக்கு,

பூக்கள் கிடைத்தன.

துத்தி காலையில் பூக்காது. மொட்டாகவே மூடிக்கொண்டிருக்கும். வெயில் தாழ்ந்த பிறகுதான் விரியும். நீங்கள் அனுப்பியதோ ஐந்து இதழும் அகலமாக விரிந்த பூ. அதைச் சாயங்காலம் பறித்திருக்க வேண்டும். சாயங்காலம் உங்கள் கடையில் கூட்டம் தெருவில் நிற்கும். அந்த நேரத்தில் நான் டீ கொண்டுவந்தாலே நீங்கள் மிஷினை விட்டுத் தலை நிமிர மாட்டீர்கள். பூப்பறிக்க எழுந்துபோனீர்களாக்கும்!

காம்புகளைப் பார்த்தேன். மூன்றும் நகத்தால் கிள்ளியவை. உங்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. கடைசியாக நூலைப் பார்த்தேன். உங்கள் முடிச்சு எனக்குத் தெரியாதா? பட்டனுக்குப் போடுவது போல மூன்று சுற்று சுற்றி, நுனியைப் பல்லால் கடித்து அறுப்பீர்கள். கத்திரி கையில் இருந்தாலும் பல்லால்தான். இது ரிப்பன் முடிச்சு. இரண்டு பக்கமும் காது வைத்து, அளவாக வெட்டியிருக்கிறாள்.

ஆமாம், வெட்டியிருக்கிறாள். யார் அவள்?

கம்பவுண்டரைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதினேன். எதையும் ஒளிக்கவில்லை. நீங்கள் ஒளித்ததோடு, "என் கையால்" என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கே இருந்தபோது எனக்கு ஒரு புல்லைக்கூடப் பறித்துத் தராத மனுஷன், இப்போது இன்னொருத்தி பறித்துத் தந்ததை எனக்கு அனுப்புகிறார்.

வயிறு எரிகிறது. அதற்கு எந்தப் பூ நல்லது என்று அவளிடமே கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
நர்ஸ்


ஜூன் 23

என் மருந்து ஊசிக்கு,

தையல்காரர் அவர்களுக்கு என்று பார்த்ததும், தைத்துக்கொண்டிருந்த சட்டையில் பாக்கெட்டை முதுகுப் பக்கம் வைத்துவிட்டேன்.

அவள் இல்லை, அவர். மாடி வீட்டு டீச்சரம்மா. பள்ளிக்கூடத்தில் செடி கொடி பாடம் நடத்துகிறவர். உனக்கும் தெரிந்தவர்தான், நீதான் அவருக்கு என் கடையைக் காட்டிவிட்டாய். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உன் கடிதம் வந்ததும் நிஜமாகவே காலையில் மனைக்குப் போனேன். எருக்கஞ்செடியை உடைத்துப் பார்த்தேன். பால் பட்டு, கட்டைவிரல் கொப்பளித்துவிட்டது. டீச்சர் பார்த்துவிட்டு, "ஏங்க, எருக்கம்பால்ல போயா கை வைப்பீங்க? கண்ணுல பட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? உங்களுக்கு என்ன பூ வேணும், சொல்லுங்க, நான் பறிச்சுத் தரேன்"னு சொன்னார். பள்ளி விட்டு வரும் வழியில் பறித்து, கட்டி, எது எதற்கு என்றும் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அதில் கம்பவுண்டரைக் கொண்டுவந்து உட்கார வைத்தது மட்டும் என் சொந்தச் சரக்கு.

பொறாமைதான். வேறென்ன? அந்த ஆளைப் பற்றி எழுதும்போது உன் கையெழுத்துக்கூட அழகாகிவிடுகிறது. என்னைப் பற்றி எழுதும் இடத்தில் கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. அவருக்குத் தெரிந்த நாலு பூ எனக்கும் தெரிந்தால் நாலு வரி எனக்கும் எழுதுவாய் என்று பார்த்தேன்.

"உன் இஷ்டம்" என்று எழுதியது பெருந்தன்மையால் இல்லை, பயத்தால். வா என்று எழுதி, நீ வராமல் போனால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? இப்போது எழுதுகிறேன். வா. அந்த நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போடாதே. வீடு வீடாக இல்லை.

உன்,
துணி ஊசி


ஜூன் 28

என் துணி ஊசிக்கு,

உங்கள் கடிதம் இன்று வந்தது. நான் நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

துத்தி மேல் இருந்த கோபத்தில் போட்டேன் என்று எழுதினால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். கோபம் பாதிதான். மீதிப் பாதிக்குக் காரணம், எனக்கு இந்த வேலை பிடித்திருப்பதுதான். காலையில் கதவைத் திறந்தால் எனக்காக ஒரு வரிசை உட்கார்ந்திருக்கிறது. அதை விட்டுவர மனசில்லை. கிழித்துப் போட்டுவிட்டு ஓடி வருகிறேன் என்று எழுத முடியவில்லை. நீங்கள் எழுதிய "வா"வை மட்டும் மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் நீங்கள் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான்.

அதனால் அதையே நானும் கேட்கிறேன். வாருங்கள்.

இங்கே தையல்காரர் யாரும் இல்லை. கம்பவுண்டரின் சட்டையை அவரே தைத்துக்கொண்டாராம், அதனால்தான் அந்தக் கோலம். எனக்குக் கொடுத்திருக்கும் வீட்டில் முன் அறையில் பெரிய ஜன்னல், மிஷினுக்கு நல்ல வெளிச்சம். பின் அறை அத்தைக்கு. படி ஏற வேண்டியதில்லை, முழங்காலுக்கும் நல்லது. முதல் சட்டை கம்பவுண்டருக்குத்தான் தைக்க வேண்டும், நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். கழுத்து அளவெடுக்கும்போது டேப்பை இறுக்காதீர்கள்.

வர முடியாது என்றால் அதையும் எழுதுங்கள். அழுதுவிட்டு வேலையைப் பார்ப்பேன். "உன் இஷ்டம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

டீச்சருக்கு நான் நன்றி சொன்னதாகச் சொல்லுங்கள். அதற்காக மாடிக்குப் போக வேண்டாம். கீழே நின்று சொன்னாலே அவருக்குக் கேட்கும்.

உங்கள்,
மருந்து ஊசி


ஜூலை 4

என் மருந்து ஊசிக்கு,

டீச்சரிடம் தெருவில் நின்று கத்திச் சொல்லிவிட்டேன். தெருவுக்கே கேட்டது.

மிஷினைக் கழற்றிச் சாக்கில் கட்டியாகிவிட்டது. கடைச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். கொடுத்த பிறகும் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன், அதையும் மறைக்கவில்லை. அம்மா, "அங்க எனக்குத் துணைக்கு யாருடா இருக்கா?"ன்னு ஒரு நாள் முழுக்கப் புலம்பிவிட்டு, மறுநாள் எனக்கு முன்னால் தன் பெட்டியைக் கட்டிவிட்டாள். பூனையும் வருகிறது. உன் கம்பவுண்டரை அது பிறாண்டினால் நான் பொறுப்பில்லை.

இதோடு ஒரு பூ வைத்திருக்கிறேன். காலையில் மனைக்குப் போய்ப் பறித்தேன். இழுத்த இழுப்பில் வேரோடு வந்துவிட்டது. பாதி நசுங்கியும் விட்டது. என்ன பூ என்று தெரியாது, எந்த நோய்க்கு ஆகும் என்றும் தெரியாது. டீச்சரிடம் கேட்கவில்லை. நீயும் கம்பவுண்டரிடம் கேட்காதே.

முடிச்சை மட்டும் பார்.

உன்,
துணி ஊசி